ஒன்பதாம் வகுப்பின் வலது கொடுப்பு

எனக்கு எழுபத்தி நான்கு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் தங்கச்சியின் பிள்ளைகள். ஏழு பேரில் ஒருவனுக்குத்தான் பல் பிடுங்க விட்டேன். அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. ஆனபடியால் இந்தக் கிழமை பல்லைப் பற்றி எழுதப்போகிறேன்.

வாரம் ஒரு கதை பேப்பருக்கு எழுதுகிறேன். போன கிழமை ஆடு தொலைந்த கதையை வாசித்துவிட்டு, ஆடு பிறகு அகப்பட்டதா என்று சிலர் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். அகப்பட்டது. பக்கத்து வளவு வாழைக்குட்டிகளைத் தின்றுவிட்டுத் தானாக வந்து சேர்ந்தது. அந்தக் கதை அவ்வளவுதான்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் நிரம்ப ஒரு பின்னேரம் போய்விடும். வழக்கமாகப் பக்கம் முடிய முடிய என் மகளின் மகள் அபிரா பார்த்துத் திருத்துவாள். இந்த முறை கொப்பியை அவளுக்குக் காட்டவில்லை. இது அவளுடைய பல்லின் கதை.

நூல்நிலையத்தில் ஒரு கதிரை

நெல்லியடிக்குக் கிட்ட, அபிரா படிக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி விற்கிற கன்ரீனை நான்தான் நடத்துகிறேன். அன்றைக்குக் காலையில் கடலை அவித்து இறக்கிக்கொண்டிருந்தபோது சுகாதாரப் பகுதியின் வான் வண்டி வாசலால் வந்தது. பல்லுப் பார்க்கிற ஆட்கள், மூன்று நாள் நிற்பார்கள் என்று அதிபர் முதல்நாளே சொல்லியிருந்தார்.

வானுக்குள்ளிருந்து மடித்த கதிரை ஒன்றை இறக்கினார்கள். நூல்நிலையத்தில் வைத்து விரித்ததும் அது கட்டில் மாதிரி நீண்டது. அதற்கு மேலே வளைந்த கம்பியில் ஒரு விளக்கு. பக்கத்தில் இரைகிற பெட்டி ஒன்று. பிள்ளைகள் யன்னல் எல்லாவற்றிலும் தொங்கினார்கள். ஒரு யன்னலில் நானும் நின்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வந்த டொக்டர் ஓர் இளம்பெண். கொழும்புத்துறைப் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவையும் முதலில் கூப்பிட்டார். சின்னப் பிள்ளைக்குத் தாய் பல்லுத் தீட்டிவிடுவாள், பதினான்கு வயதுக்காரரை யார் பார்க்கிறார்கள் என்று அதிபரிடம் சொன்னார். சரியான கதை. எங்கள் வீட்டிலும் ஒருவரும் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் ஒவ்வொரு சிவப்புக் குளிசை கொடுத்துச் சப்பச் சொன்னார். பல்லில் எங்கே ஊத்தை ஒட்டியிருக்கிறதோ அங்கே சிவப்புப் பிடிக்குமாம். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்க வெற்றிலை போட்ட கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி மற்றவளுக்குப் பல்லைக் காட்டுவதும், கண்ணாடியைப் பறிப்பதும், ஒரே சிரிப்பு.

"எனக்கும் ஒண்டு தாங்கோ" என்றேன்.

"ஆச்சி, நீங்கள் எத்தினையாம் வகுப்பு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மதுரா. அபிராவின் கூட்டாளி, வாய்க்காரி.

"ரெண்டாம் வகுப்பு. இன்னும் பாஸ் பண்ணேல்லை."

நானும் சப்பினேன். டொக்டர் விளக்கைத் திருப்பி என் வாய்க்குள் பார்த்தார். சிவப்பு இருந்தது, ஆனால் அங்கேயொன்று இங்கேயொன்றுதான்.

"இந்த வயசிலை இப்பிடி ஒரு வாய் நான் பாத்தது குறைவு, அம்மா."

பிறகு கன்ரீனுக்கு எப்படி நடந்து போனேன் என்று எனக்கே தெரியாது.

"ஒண்டுமில்லை"

அபிராவின் முறை வந்தபோது நான் திரும்பவும் யன்னலுக்கு வந்துவிட்டேன். டொக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"வலப்பக்கம், கீழ்க்கடைவாய்ப் பல்லு. கொடுப்போடை ஒட்டின பக்கம். ஆழமாப் போட்டுது" என்று எழுதுகிற பிள்ளைக்குச் சொன்னார். கொடுப்பு என்பது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கிற இடம். பிறகு அபிராவிடம் கேட்டார்: "நோகிறதில்லையோ, பிள்ளை?"

"இடைக்கிடை."

"வீட்டிலை சொன்னனீரோ?"

அவள் மேலே விளக்கைப் பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

"டொக்டர், பிடுங்கவோ?"

"இப்ப சொல்லேலாது, அம்மா. நரம்பிலை பட்டிட்டுதெண்டால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேணும், பிடுங்கவும் வேண்டி வரலாம். படேல்லையெண்டால் காப்பாத்தலாம். இப்ப மருந்து வைச்சு அடைக்கிறன். ரெண்டு கிழமையாலை வந்து பாப்பன்."

மருந்தைக் குழைத்தபோது ஒரு மணம் வந்தது. கராம்பு மணம். நான் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த மணத்தை நான் முன்னமே அறிவேன்

சண்டைக்கு நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு வீட்டுக் கொட்டிலில் இருந்த காலம். என் மூன்றாவது மகன் குமரனுக்குப் பன்னிரண்டு வயது. கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். கராம்பைத் தட்டி, பஞ்சில் வைத்து, பல்லுக்குள் அடைத்து விடுவேன். கொஞ்சம் ஆறும். திரும்பவும் தொடங்கும். அப்போது பல்லுக்கு ஆர் வைத்தியர், எங்கே இருக்கிறார் என்று கேட்கிற காலமா அது.

கடைசியில் முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. சைக்கிள் பாரில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பிடுங்கினார்கள். "முந்தியே கொண்டு வந்திருந்தால் அடைச்சிருக்கலாம்" என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது அடி.

குமரன் இப்போது கனடாவில். போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நான் வாயைத்தான் பார்ப்பேன். இன்றைக்கும் ஒரு பக்கத்தால்தான் சப்புகிறான்.

அபிராவுக்கு அப்படி வரக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

குட்டானும் அடிக்கட்டியும்

மருந்து வைத்து முடிய டொக்டர் அபிராவை எழுப்பி இருத்தினார்.

"என்ன பிள்ளை சாப்பிடுறனீர், இந்தப் பக்கத்தாலை?"

"ஒண்டுமில்லை."

"ரொபி? இனிப்பு ஏதும்?"

"இல்லை."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். எழுதின தாளைக் காட்டினார். அது இங்கிலீசு, எனக்கு வாசிக்கத் தெரியாது, அவரே சொன்னார். ஒன்பது அ பிரிவில் அரைவாசிப் பேருக்கு வலது கொடுப்புப் பக்கம் பல்லில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளி. பல் அரித்துச் சூத்தையாவதன் தொடக்கம் அதுதானாம். ஒன்பது ஆ பிரிவிலும் அதே புள்ளி, ஆனால் இடப் பக்கம்.

"ஒரே ஊர், ஒரே தண்ணி, ஒரே கன்ரீன். ஒரு வகுப்புக்கு வலம், மற்ற வகுப்புக்கு இடம். இனிப்பு ஏதோ கனநேரம் அந்தப் பக்கத்திலை நிக்குது. என்னெண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை. தெரியாமல் அடைச்சும் பிரயோசனமில்லை, அம்மா. அடைச்ச பல்லும் பக்கத்தாலை திரும்பச் சூத்தை பிடிக்கும். நீங்கள் என்ன விக்கிறனீங்கள்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ரை கன்ரீனிலை ரொபி இல்லை, சோடா இல்லை, கலர்த் தண்ணி இல்லை. வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும், கடலையும்தான். பனையிலையிருந்து வந்த சாமான்."

"பனங்கட்டியும் இனிப்புத்தானே, அம்மா."

"என்ரை பல்லை இப்பத்தானே பாத்தனீங்கள். எழுபது வருசப் பனங்கட்டி."

டொக்டர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அபிரா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதை நான் அப்போது கவனித்தும் கவனிக்கவில்லை.

பனங்கட்டியில் எனக்கு இருக்கிற பெருமைக்குக் காரணம் உண்டு. சீனி கண்ணில் காணாத காலத்தில் ஏழு பிள்ளைகளுக்கும் தேத்தண்ணி இறக்கினது அதுதான். இப்போதும் நெல்லியடிச் சந்தையில் நானே தெரிந்தெடுப்பேன். ஓலையில் இழைத்த சின்னக் குட்டானுக்குள் ஊற்றி இறுக வைத்திருப்பார்கள். ஓலையைப் பிரிக்கும்போது வருகிற மணத்துக்கு ஈடில்லை.

இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். ஒரு பேணி வெறுந்தேத்தண்ணி, உள்ளங்கையில் ஒரு துண்டு கட்டி. கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. "ஆச்சியின்ரை கட்டி லேசிலை கரையாது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்கு மனம் குளிரும். குட்டானின் அடியில் இறுகிக் கிடக்கிற துண்டு எல்லாவற்றிலும் வைரம். அந்த அடிக்கட்டியை நான் அபிராவுக்கென்று எடுத்து வைப்பேன்.

சீமெந்து காயாத விறாந்தை

அடுத்த நாள். இடைவேளை முடிந்து, ஒன்பது அ வகுப்பு ரீச்சருக்குத் தேத்தண்ணி கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு நாளும் விறாந்தையால்தான் போவேன். அன்றைக்கு விறாந்தைக்குச் சீமெந்து பூசி, இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றடியில் உப அதிபர் நின்றார். அவருக்கு வேலையே விறாந்தையில் நடந்து வகுப்புகளைப் பார்ப்பதுதான். அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டால் காகமும் கத்தாது.

நான் கட்டிடத்தைச் சுற்றிப் பின்பக்கத்தால் போனேன். அந்தப் பக்கமும் அரைச்சுவர்தான், ஆனால் வேலியும் கள்ளிச்செடியும் நெருங்கி நிற்கும். ஆர் போகப் போகிறார்கள்.

அரைச்சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ரீச்சர் கரும்பலகைக்குத் திரும்பி எழுதிக்கொண்டிருந்தார். வகுப்பில் அரைவாசிப் பேருக்கு வலது கன்னம் புடைத்துக்கொண்டு நின்றது. புளியங்கொட்டை அளவில் ஒன்று, விளாம்பிஞ்சு அளவில் ஒன்று. வரிசை வரிசையாக. என் அபிராவுக்குத்தான் எல்லாவற்றிலும் பெரிது, இடக்கன்னத்தில். மருந்து வைத்த பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறாள்.

இத்தனை நாளும் நான் விறாந்தையால் போனேன். உப அதிபரும் விறாந்தையால் போனார். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து இருந்தால் விறாந்தை அவர்களுடைய இடது கைப்பக்கம். கட்டி மற்றக் கன்னத்தில். விறாந்தைக்குத் தெரிவது தட்டையான கன்னம்.

தேத்தண்ணிப் பேணியைச் சுவரில் வைத்துவிட்டு நான் நடந்தேன் என்று எழுதினால் பொய். ஓடினேன். விளையாட்டு இடத்துக்கு அங்காலே ஒன்பது ஆ இருக்கிற கட்டிடம், இதற்கு எதிர்முகம். கரும்பலகை அங்கேயும் கிழக்குப் பக்கம்தான். ஆனால் விறாந்தை வலது கைப்பக்கம் வரும். அதன் பின்பக்கத்தால் போய் எட்டிப் பார்த்தேன்.

இடது கன்னம். அத்தனையும் இடது கன்னம்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு அடிக்கட்டி ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஏன் சொல்லவில்லை

அபிராவைக் கன்ரீனுக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"வாயைத் திற."

திறந்தாள். கட்டி இல்லை. விழுங்கியிருக்கிறாள்.

"உது எத்தினை நாளா?"

"போன வருசம் துவங்கினது. போட்டி, அம்மம்மா. ஆருக்குக் கடைசி மட்டும் கரையாமல் இருக்குதோ அவை வெண்டவை. கடிக்கக் கூடாது, சூப்பக் கூடாது. சும்மா வைச்சிருக்க வேணும்."

"ஆர் வெல்லுறது?"

அவள் சப்பாத்தால் மண்ணைக் கிண்டினாள். சொல்லத் தேவையுமில்லை. அடிக்கட்டி வைத்திருப்பவளை ஆர் வெல்லுவது.

"டொக்டர் கேட்கேக்கை ஏன் ஒண்டுமில்லை எண்டனி?"

"சொன்னால் கன்ரீனை மூடிப்போடுவினம், அம்மம்மா. நீங்களும் நல்ல பெருமையாக் கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அதுக்குள்ளை நான் என்னெண்டு சொல்லுறது?"

பதினான்கு வயதுப் பிள்ளை, தன் பல்லைக் கொடுத்து என் கடையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். நான் அவளுடைய தலையில் ஒரு குட்டுப் போட்டேன். பிறகு கையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப என்ரை பல்லு ஏன் பழுதாகேல்லை?" என்று கேட்டேன். அது ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை.

"நீங்கள் கடிச்சுக் குடிச்சு ஒரு நிமிசத்திலை முடிச்சிடுவியள். நாங்கள் முடிக்கிறதில்லையே."

டொக்டரைக் கையில் பிடித்து

டொக்டர் கண்ணால் காணட்டும் என்று மூன்றாம் நாளும் வழக்கம்போலக் கட்டி கொடுத்தேன், அபிராவையும் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். இடைவேளை முடிந்து பத்து நிமிடத்தில் டொக்டரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அதிபரும் பின்னால் வந்தார். கள்ளிச்செடி கிழிக்காமல் சீலையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம்.

டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெல்லத் துள்ளினார். உண்மையாகத்தான், படித்த பிள்ளை, துள்ளினார்.

"அம்மா, ரெண்டு நாளா நான் மண்டையை உடைச்சுக்கொண்டிருந்தது இதுக்குத்தான்."

நான் அவரை மற்றக் கட்டிடத்துக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். பிறகு நூல்நிலையத்துக்கு வந்து அதிபருக்கு முன்னாலேயே சொன்னேன்.

"பிள்ளையளிலை பிழையில்லை. கட்டி குடுத்தது நான். வைரமாப் பாத்துக் குடுத்ததும் நான். என்ரை பேத்திக்கு எல்லாத்திலும் பெரிசாக் குடுத்ததும் நான். உந்தத் தாளிலை எழுதுங்கோ."

"கன்ரீனை மூடவேண்டி வருமோ, டொக்டர்?" என்று அதிபர் கேட்டார்.

"ஏன் மூட வேணும்? சோடா விக்காத கன்ரீனை மூடிப்போட்டுப் பிள்ளையள் வெளியிலை போய் எதைக் குடிக்கப் போகினம்?" என்றார் டொக்டர். பிறகு எனக்கு விளங்கச் சொன்னார். பல்லில் ஒட்டியிருக்கிற ஊத்தைக்குள் கிருமி இருக்கும். இனிப்புப் பட்டால் அது புளிப்பாக மாறிப் பல்லைக் கரைக்கும். சாப்பிட்டு முடித்தால் எச்சில் மெல்ல மெல்ல அதைச் சரிப்படுத்திவிடும். முடிக்காமல் கொடுப்புக்குள் வைத்திருந்தால் எச்சிலுக்கு நேரமே கிடையாது. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எவ்வளவு நேரம் வாயில் நின்றது என்பதுதான் பெரிய காரியம்.

எழுபத்தி நான்கு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன். சொல்ல வெட்கமில்லை.

அன்றைக்கே சட்டம் போட்டேன். இனிக் கையில் கட்டி கிடையாது. கொஞ்சமாகத் தூளாக்கித் தேத்தண்ணிக்குள் கரைத்துத்தான். குடித்து முடித்துப் பைப்படியில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வகுப்புக்கு. வெள்ளைப் புள்ளி இருந்த பல்லுக்கெல்லாம் டொக்டர் பூச்சுப் பூசினார். காலையும் படுக்கப்போகும்போதும் தீட்டினால் அந்தப் புள்ளிகள் மேலே போகாமல் நிற்குமாம், சிலது இறுகியும் விடுமாம்.

மதுரா வாசலில் நின்று கேட்டாள்: "ஆச்சி, அப்ப போட்டி?"

"கொப்பளிக்கிறதிலை போட்டி வையுங்கோடி."

சும்மா பகிடிக்குச் சொன்னேன். அடுத்த நாள் பைப்படியில் இருபது பேர் வரிசையாகக் கன்னத்தை ஊதிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தி கையில் மணிக்கூட்டோடு. உப அதிபர் சப்பாத்து நனைய நனைய நின்று பார்த்தார்.

இரண்டு கிழமை

அந்த இரண்டு கிழமையும் நான் அபிராவின் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். சாப்பிடும்போது எந்தப் பக்கம் சப்புகிறாள், தண்ணீர் குடிக்கும்போது கண்ணைச் சுருக்குகிறாளா. "அம்மம்மா, என்னைப் பாக்காமல் சாப்பிடுங்கோ" என்பாள். எனக்குக் குமரனின் வீங்கின முகம்தான் முன்னால் நிற்கும்.

படுக்கப்போகும்போது கிணற்றடியில் இருவரும் சேர்ந்து பல்லுத் தீட்டினோம். எனக்கும் ஒரு பிறஸ் வாங்கித் தந்தாள். அதுவரை விரல்தான்.

வான் திரும்ப வந்த அன்று கன்ரீனைப் பூட்டிவிட்டுப் போனேன். டொக்டர் மருந்தை எடுத்தார். பல்லில் குளிர் வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "இப்ப நோகுதோ? இப்ப?" அபிரா முதலில் கூசுது என்றாள், பிறகு தலையை ஆட்டினாள், இப்போது இல்லை என்று. இன்னும் ஒருமுறை கண்ணாடியை உள்ளே விட்டார். நான் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, நரம்பிலை படேல்லை. பல்லுத் தப்பியிட்டுது."

பல்லின் நிறத்திலேயே அடைத்துவிட்டார். எங்கே அடைத்தது என்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு மட்டும் தெரியும். கன்ரீனுக்குப் போய், அன்றைக்குக் கடலைக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். ஒரு பிள்ளையும் முறைப்பாடு சொல்லவில்லை.

இன்று பின்னேரம் குமரன் போனில் வந்தான். சொன்னேன். "நல்லதம்மா" என்றான். பிறகு தன் மகளைக் கூப்பிட்டு, அவளுடைய வாயைத் திறக்கச் சொன்னது எனக்குக் கேட்டது.

எழுதி முடித்துவிட்டேன். கை உளைகிறது. கொப்பியை அபிராவிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே கடகடவென்று கண்ணால் ஓட்டினாள். அடிக்கட்டிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"அம்மம்மா, இந்தத் துண்டை வெட்டுவமோ? நீங்கள்தான் குடுத்தனீங்கள் எண்டு ஊரெல்லாம் வாசிக்கப் போகுது."

"வெட்டாதை. இரு உதிலை. முதலிலையிருந்து சத்தமா வாசி, நான் கேக்க வேணும். வாயை நல்லாத் திறந்து வாசி, பிள்ளை."